ஆகாயத்துக்கு வழி எழுதியவர்

தரையில் வழி தவறியவன் நின்று எதிரே வருபவரைக் கேட்கலாம். கடலில் வழி தவறிய மாலுமி ஆழம் பார்த்து நங்கூரமிட்டுப் பொழுது விடியும்வரை காத்திருக்கலாம். ஆகாயத்தில் வழி தவறியவனுக்கு இவ்விரண்டும் இல்லை. பெட்ரோல் தீருமுன் அவன் எங்கேனும் இறங்கியே ஆகவேண்டும். மேகமும் மூடுபனியும் தரையை மறைத்திருக்கும் சமயத்தில் அவனுக்கு உற்ற துணை ஒரு சிறிய காகிதத் தாள். எந்தத் திசையிலிருந்து ஊரை நெருங்குவது, எந்த இடம்வரை எத்தனை அடிக்குக் கீழே இறங்கலாகாது, தரை தென்படாவிட்டால் எப்பக்கம் திரும்பி மேலேறுவது என்பவற்றை அத்தாள் கூறும். விமானிகள் அதைச் சார்ட் என்பர்; நாம் வழிப்படம் என்று வழங்குவோம். இத்தாள் தேசத்துக்கு ஒரு மாதிரியாகவும் அச்சிடுவோருக்கு ஒரு மாதிரியாகவும் இருக்கலாமா, அல்லது எங்கும் ஒரே மாதிரியாக இருக்கவேண்டுமா என்ற கேள்வி மேற்பார்வைக்கு அச்சுக்கூடத்து விவகாரமாகத் தோன்றும். எல்ரே ஜெப்பெஸென் என்ற அமெரிக்க விமானியின் சரித்திரத்தை அறிந்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள்.

விமானத் தொழிலிலுள்ளவர்களுக்கு இப்பெயரைச் சொல்லித் தரவேண்டியதில்லை. வழிப்படத்தையே அவர் பெயரைக் குறுக்கி ‘ஜெப்’ என்று அழைக்கும் அளவுக்கு அப்பெயர் உலகெங்கும் அவர்கள் வாயில் பழகிவிட்டது. பிரயாணிகளாகிய நாமோ, நம் உயிர் எவருடைய தாளை நம்பி இறங்குகிறது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

ஜெப்பெஸென் 1907-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி, லூயிசியானா மாகாணத்தில் லேக் சார்ல்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்கள். வடமேற்கே ஆரிகன் மாகாணத்தில் ஓடெல் என்ற சிற்றூரில் வளர்ந்தார். கலாசாலைப் பட்டமோ, பணமோ, செல்வாக்கோ அவருக்கு இருந்ததில்லை. பறக்க வேண்டுமென்ற ஆசை ஒன்றே இருந்தது. முதல் மகாயுத்தம் முடிந்தபின் சேனைக்கு வேண்டாதனவாய்ப்போன பழைய ‘ஜென்னி’ விமானங்கள் அக்காலத்தில் மலிவாகக் கிடைத்தன. அவர் 500 டாலர் கொடுத்து ஒன்றை வாங்கினார். டெக்ஸ் ராங்கின் என்பவரின் பறக்கும் சர்க்கஸில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டினார். அவருடைய விமானி லைசென்ஸில் கையெழுத்திட்டவர் ஆர்வில் ரைட். விமானத்தைக் கண்டுபிடித்தவரே கையொப்பமிட்ட சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருவிழாக் கூட்டங்களுக்கு முன் வித்தை காட்டித் திரிந்த வாலிபர் அவர். பிறகு ஆகாயத்திலிருந்து நிலத்தைப் படம்பிடித்து அளக்கும் ஃபேர்சைல்டு கம்பெனியில் வேலை பார்த்தார். பூமியை மேலிருந்து அளவெடுத்துப் பார்க்கும் கண் அவருக்கு அங்கே வாய்த்தது என்று நாம் ஊகிக்கிறோம்.

1930-ல் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் என்ற தபால் விமானக் கம்பெனியில் அமர்ந்தார். சால்ட் லேக் நகரத்துக்கும் ஷையன் நகரத்துக்கும் இடையிலுள்ள மலைப்பாதை அவருக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் தபால் விமானப் பாதைகளில் அதைவிடக் கொடியது அதிகமில்லை. ராக்கி மலைத்தொடரின் மீது, திறந்த ஆசனத்தில், குளிர்காலப் பனிப்புயலில் இரவும் பகலும் தபால் போயாக வேண்டும். விமானியின் கையிலிருந்ததோ கடைகளில் மோட்டார்க்காரர்களுக்கு விற்கும் ரஸ்தாப் படம். ரஸ்தாப் படத்தில் ஊர் உண்டு, பாலம் உண்டு. மலையின் உயரம் இல்லை. வானம் தெளிந்திருந்தால் கீழே தெரியும் ரயில்பாதையைப் பின்பற்றிப் போவார்கள். சர்க்கார் நட்டிருந்த விளக்குக் கம்பங்கள் இரவில் வழிகாட்டின. மூடுபனி இறங்கினால் ரயில்பாதையும் விளக்கும் ஒருங்கே மறைந்துவிடும். அக்குளிர்காலத்தில் அவருடன் வேலை செய்த விமானிகள் சிலர் மலைகளில் மோதி மாண்டனர்.

சர்க்கார் சும்மா இருந்தது என்று நாம் கூறவில்லை. 1926-ல் இயற்றப்பட்ட ஆகாய வர்த்தகச் சட்டத்தை அனுசரித்து, கடற்கரை அளவை இலாகா விமானப் பாதைகளுக்குப் படம் வரையத் தொடங்கியிருந்தது. அப்படங்கள் நல்ல படங்களே. ஆனால் அவை வானிலிருந்து நோக்குகையில் நிலம் எப்படித் தோன்றும் என்பதைக் காட்டின. நிலமே தோன்றாதபோது என்ன செய்வது என்பதைக் காட்டவில்லை. உத்தியோக சாலையில் மேஜைமீது வரைபவனுக்கு இவ்விரண்டின் பேதம் புலப்படுவது கடினம்.

ஜெப்பெஸென் பத்து சென்ட் காசுக்கு ஒரு கறுப்புக் குறிப்புப் புஸ்தகம் வாங்கினார். தாள்களைக் கழற்றவும் மாட்டவும் கூடிய சிறு புஸ்தகம். இறங்கும் மைதானம் ஒவ்வொன்றின் நீளம், சரிவு, விளக்குகள், அருகிலுள்ள மரம், கம்பம், குன்று ஆகிய தடைகள் யாவற்றையும் அதில் எழுதினார். ஓய்வு நாட்களில் மற்றவர்கள் உறங்க, இவர் உயரமானியைக் கையிலெடுத்துக்கொண்டு புகைப்போக்கிகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் குன்றுகளிலும் ஏறி, உச்சியின் உயரத்தைத் தாமே கண்டு குறித்துக்கொள்வார். வழியோரத்துக் குடியானவர்களின் டெலிபோன் எண்களும் அப்புஸ்தகத்தில் இருந்தன. புறப்படுமுன் அவர்களைக் கூப்பிட்டு அங்கே மேகம் எப்படி, மழை உண்டா என்று கேட்டறிவார். இவற்றையெல்லாம்விட முக்கியமானது வேறொன்று: கண் தெரியாத வேளையில் எந்தத் திசையில் எத்தனை நிமிஷம் பறந்து எத்தனை அடி இறங்கினால் மைதானம் கிட்டும் என்பதை ஊருக்கு ஊர் சோதித்து எழுதி வைத்தார். நாம் மேலே கூறிய தாளின் பிறப்பு இதுவே.

உடன் ஊழியர்கள் இதைக் கேள்வியுற்றுப் பிரதி கேட்டார்கள். முதலில் இனாமாகக் கொடுத்தார். கேட்போர் பெருகவே கட்டுப்படியாகவில்லை. 1934-ல் சால்ட் லேக் நகரத்தில் தம் வீட்டு நிலவறையில் ஒரு சிறு ஸ்தாபனம் தொடங்கிப் புஸ்தகத்தைப் பத்து டாலருக்கு விற்றார். போயிங் கம்பெனியும் வேறு சிலவும் ஒன்றாகி யுனைடெட் ஏர் லைன்ஸ் என்ற பெயர் பெற்றன; ஜெப்பெஸென் அதில் விமானியாக இருந்துகொண்டே தாள் வியாபாரத்தையும் நடத்தினார். 1936-ல் அதே கம்பெனியில் விமானப் பணிப்பெண்ணாக இருந்த நதீன் என்ற மாதை மணந்தார். அந்த அம்மையார் வியாபாரத்தில் சரிபாதி உழைத்தவர். 1941-ல் ஸ்தாபனம் டென்வர் நகருக்குப் பெயர்ந்தது. இரண்டாவது மகாயுத்தத்தில் அமெரிக்கக் கடற்படையும் அவருடைய புஸ்தகத்தை ஏற்றுக்கொண்டது.

அவருடைய வெற்றிக்குக் காரணம் விவரங்களின் திரட்சி மட்டுமே என்று எண்ணுவது தவறு. விவரம் திரட்டுவோர் பலர் உண்டு. எந்த ஊரின் தாளை எடுத்தாலும் அதே விவரம் அதே இடத்தில், அதே குறியோடு இருந்தது என்பதே அவர் செய்த பேருபகாரம். மணிக்கு நூற்றுக்கணக்கான மைல் வேகத்தில், மங்கிய விளக்கொளியில், ஒரு கை விமானத்தைப் பிடித்திருக்க மறு கையால் தாளைப் பிடித்திருப்பவன் படிப்பதில்லை, பார்க்கிறான். கண் பழகிய இடத்துக்குத் தானே ஓடுகிறது. அங்கே அவன் எதிர்பார்த்த எண் இருந்தால் பிழைத்தான்.

பழக்கம் தரும் இந்தப் பலம் ஒரு தேசத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் போதாதென்பது யுத்த காலத்தில் விளங்கிற்று. விமானங்கள் கண்டம் விட்டுக் கண்டம் பறந்தன. காலையில் ஒரு ராஜ்யத்தின் படத்தைப் பார்த்துப் புறப்பட்டவன் மாலையில் வேறொரு ராஜ்யத்தின் படத்தைப் பார்த்து இறங்கவேண்டும். ஒன்றில் உயரம் அடிக்கணக்கு, மற்றொன்றில் மீட்டர் கணக்கு. ஒன்றில் தடைக்கு ஒரு குறி, மற்றொன்றில் அதே குறிக்கு வேறு அர்த்தம். 1919-ம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கையிலேயே படங்களைப் பற்றி ஓர் அநுபந்தம் உண்டு. ஆனால் அமெரிக்கா அந்த உடன்படிக்கையை ஊர்ஜிதம் செய்யவில்லை. 1944-ம் வருஷக் கடைசியில் சிக்காகோ நகரில் கூடிய மகாநாடுதான் இவ்விஷயத்துக்கு உறுதியான அஸ்திவாரம் இட்டது. டிசம்பர் 7-ந் தேதி 52 தேசங்கள் அந்த உடன்படிக்கையை ஏற்றன. சோவியத் ரஷ்யா வரவில்லை.

இந்தியாவின் பெயராலும் அங்கே கையொப்பம் விழுந்தது. வாஷிங்டனில் பிரிட்டிஷ் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாயிருந்த ஸர் கிரிஜா சங்கர் பாஜ்பாய் நம் கோஷ்டிக்குத் தலைவர். அதே நாட்களில் பண்டித ஜவாஹர்லால் நேரு அஹமத்நகர் கோட்டைச் சிறையில் இருந்தார். ஆகாயத்தின்மீது ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் பூரண சுயாதிகாரம் உண்டென்று முதல் ஷரத்திலேயே பிரகடனம் செய்த பத்திரத்தில், தன் மண்ணின்மீது சுயாதிகாரமில்லாத தேசத்தின் பெயரும் சேர்ந்த விசித்திரத்தைச் சரித்திரம் பதிவு செய்திருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கும் ஒரே முறை என்று எவரேனும் கூறினால், அது யாருடைய முறை என்று உடனே கேட்பது அடிமைப்பட்டிருந்த தேசத்தாருக்கு இயல்பு. அக்கேள்வி நியாயமானதே, நாமும் அதை விடுவதாயில்லை. ஆனால் சிக்காகோ உடன்படிக்கையைச் சற்று ஊன்றிப் படிக்கவேண்டும். அதன் 28-வது ஷரத்து, படங்களை வெளியிடுவதில் தேசங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. 37-வது ஷரத்து, படங்கள் உட்படப் பல விஷயங்களில் இயன்றவரை ஒரேவிதமான முறையைக் கைக்கொள்ளச் சொல்லுகிறது. 38-வது ஷரத்து, எந்த ராஜ்யமேனும் ஒரு முறையை ஏற்க இயலாவிட்டால் தன் முறை எவ்வாறு வேறுபடுகிறதென்பதை மற்றவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்கிறது. வேறுபடும் உரிமையை எவரும் பறிக்கவில்லை. மறைவாக வேறுபடும் உரிமைதான் இல்லை. தன் ஊர்களின் வழிப்படத்தைத் தானே வரைந்து வெளியிடும் பொறுப்பும் அந்தந்த ராஜ்யத்திடமே இருக்கிறது. 1948-ல் சர்வதேச விமான ஸ்தாபனம் இந்த உடன்படிக்கையின் நான்காம் அநுபந்தமாகப் படங்களுக்குரிய விதிகளை நிறைவேற்றியது. பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் உலகத்தைப் பகுதி பகுதியாக வரையும் திட்டமும், மலை, கோபுரம், ரேடியோ நிலையம் இவற்றுக்கான பொதுக் குறிகளும் அதில் அடங்கின.

சுதேசியத்துக்கும் பொது முறைக்கும் விரோதமில்லை என்பது நம் அபிப்பிராயம். அகலப்பாதை, மீட்டர் பாதை என்று இருவகை ரயில் இருந்ததால், சந்திக்கும் ஜங்ஷன்களில் எல்லாம் மூட்டைகளை இறக்கி ஏற்றிய சிரமத்தைத் தென்னாட்டார் நன்கறிவர். அந்த வேற்றுமையால் நம் சுதந்திரத்துக்கு என்ன லாபம் விளைந்தது? ஜங்ஷனிலாவது வண்டி நிற்கும். மூட்டையை மாற்ற அவகாசமுண்டு.

ஜெப்பெஸென் 1954-ல் விமானி உத்தியோகத்திலிருந்து விலகி ஸ்தாபனத்தை மட்டும் கவனித்தார். 1961-ல் அதை டைம்ஸ் மிரர் என்ற பத்திரிகைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். அதன்பின் நடந்தவற்றுக்கு அவரைத் தனியே பொறுப்பாளியாக்குவது நியாயமன்று. எனினும் தாள்களின் தலைப்பில் இருந்தது அவருடைய பெயர்.

1964-ம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி இரவு. பொனான்ஸா ஏர் லைன்ஸின் விமானமொன்று பீனிக்ஸிலிருந்து லாஸ் வேகாஸுக்கு வந்துகொண்டிருந்தது. பனி பெய்துகொண்டிருந்தது. ஊருக்குத் தென்மேற்கே ஒரு குன்றில் விமானம் மோதி அதிலிருந்த 29 பேரும் இறந்தனர். விமானி வழிப்படத்தைத் தவறாகப் பொருள்கொண்டு முன்கூட்டியே இறங்கிவிட்டார் என்று விசாரணையில் முடிவு கூறப்பட்டது. ஏன் தவறாகப் பொருள் கொண்டார் என்பது பின்னர் நியாயஸ்தலத்தில் அலசப்பட்டது. இறங்கும் வழிக்கான தாளில் இரண்டு சித்திரங்கள் உண்டு: ஒன்று மேலிருந்து பார்ப்பது, மற்றொன்று பக்கவாட்டில் பார்ப்பது. வழக்கமாக இரண்டும் ஒரே அளவுத் திட்டத்தில் வரையப்பட்டிருக்கும். லாஸ் வேகாஸ் தாளில் மேற்சித்திரம் 15 மைல் தூரத்தைக் காட்டியது. பக்கச் சித்திரம் 3 மைல் தூரத்தையே காட்டியது. காகிதத்தில் இரண்டும் ஒரே அளவினபோல் தோன்றின. ஓடுபாதைக்கு அருகில் மட்டுமே அனுமதிக்கத்தக்க தாழ்ந்த உயரத்தைத் தூரத்திலேயே அனுமதிக்கப்பட்டதாகப் பழகிய கண் கொண்டுவிட இடமிருந்தது. தாளிலிருந்த எண்கள் ஒன்றுகூடப் பிழையில்லை. சர்க்கார் கொடுத்த விவரங்கள் அப்படியே அச்சாகியிருந்தன. பிழை அமைப்பில் இருந்தது. 1981-ல் அப்பீல் கோர்ட்டாரும் அந்தத் தாள் குறையுள்ள பொருள் என்ற முடிவை ஒப்புக்கொண்டார்கள்.

எல்லாத் தாள்களையும் ஒரே மாதிரி செய்து விமானிகளுக்கு நம்பிக்கை ஊட்டிய ஸ்தாபனம், ஒரு தாளை மட்டும் வேறு மாதிரி செய்தது. முதலிலிருந்தே ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு விதமாக இருந்திருந்தால் விமானி சந்தேகித்துக் கூர்ந்து பார்த்திருப்பார் என்றுகூட ஒருவர் வாதிக்கலாம். ஒரே முறைக்கு எதிராகச் சொல்லக்கூடிய பலமான வாதம் இது ஒன்றுதான். ஆனால் இது முறையைக் கைவிடுவதற்கு நியாயமாகாது. விதிவிலக்கைக் கைவிடுவதற்கே நியாயமாகும்.

பத்து வருஷம் கழித்து, 1974 டிசம்பர் முதல் தேதி, டி. டபிள்யூ. ஏ. கம்பெனியின் விமானம் வாஷிங்டனுக்கருகே டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது மவுண்ட் வெதர் என்ற மலையில் மோதிற்று. இறந்தவர்கள் 92 பேர். இறங்கும் வழிக்கு அனுமதி என்று தரையிலிருந்து சொன்னவருக்கு அச்சொல் ஒரு பொருள் பட்டது; கேட்டவருக்கு வேறு பொருள் பட்டது. தாளின் பக்கச் சித்திரமோ, கடைசிப் பகுதியின் உயரங்களை மட்டும் காட்டி, அதற்கு முந்திய பகுதியில் மலைக்காகக் காக்கவேண்டிய உயரத்தைக் காட்டாமல் விட்டிருந்தது. மேற்சித்திரத்தில் அதிக உயரம் குறித்திருப்பதைத் தலைமை விமானி கவனித்தார் என்று விமானத்தின் ஒலிப்பதிவு காட்டியது. கவனித்தும், அனுமதி கிடைத்துவிட்டதாகக் கருதி 1,800 அடிக்கு இறங்கினார். விசாரணைச் சபையின் அங்கத்தினர்களே காரணம் எதுவென்பதில் இரண்டுபட்டார்கள். ஒரு தாளைப் பார்த்து அறிஞர்கள் சாவகாசமாக உட்கார்ந்தும் ஒரே பொருள் கொள்ளமுடியவில்லையானால், நிமிஷங்களுக்குள் முடிவு செய்யவேண்டிய விமானியின் கதி என்ன?

அமெரிக்காவிலேயே சர்க்கார் வெளியிட்ட வழிப்படம் ஒரு விதம், ஜெப்பெஸென் கம்பெனியின் வழிப்படம் வேறு விதம். ஒன்றில் பயின்ற வாலிபன் பெரிய கம்பெனியில் உத்தியோகம் பெற்றதும் மற்றொன்றுக்குக் கண்ணை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னது மேல் என்று கட்சி கட்டி விமானிகள் வாதாடியதுண்டு, இன்றும் ஓயவில்லை. 1990-க்குப் பிந்திய வருஷங்களில், இறங்குமுன் விமானிகள் எந்த வரிசையில் விவரங்களைத் தேடுகிறார்கள் என்பதை ஆராய்ந்து, அவ்வரிசையிலேயே அவற்றைத் தாளின் தலைப்பில் பட்டையாக அமைத்தார்கள். கம்பெனியும் சர்க்காரும் இவ்விஷயத்தில் ஏறக்குறைய ஒரே வழிக்கு வந்தார்கள். விமானியைக் கேட்டுத் தாள் அமைப்பது என்பது 1930-ல் ஒரு தபால் விமானி தம்மையே கேட்டு அமைத்ததற்குத் திரும்பி வந்ததாகும்.

டென்வர் நகரத்தார் 1995-ல் திறந்த புதிய விமான நிலையத்தின் பிரதானக் கட்டடத்துக்கு ஜெப்பெஸென் பெயரை வைத்தார்கள். தோல் சட்டை அணிந்த அவருடைய உருவச் சிலையும் அங்கே இருக்கிறது. அதே வருஷம் டிசம்பர் 20-ந் தேதி கொலம்பியா தேசத்தில் காலி நகருக்கருகே அமெரிக்கன் ஏர் லைன்ஸ் விமானம் மலையில் மோதி 159 பேர் மாண்டனர், நால்வர் தப்பினர். விமானத்தினுள் இருந்த கம்ப்யூட்டரும் அப்போது வழிப்படத்தின் வேலையில் பங்கு பெற்றிருந்தது. காகிதத் தாளில் ரோஸோ என்ற ரேடியோ நிலையத்துக்கு ‘ஆர்’ என்ற ஓரெழுத்துக் குறி. விமானி கம்ப்யூட்டரில் அவ்வெழுத்தை அழுத்தினார். கம்ப்யூட்டரின் அட்டவணையிலோ அவ்வெழுத்து தலைநகரான பொகோட்டாவுக்கருகே இருந்த ரோமியோ என்ற நிலையத்தைக் குறித்தது. ரோஸோவைப் பெற அதன் முழுப் பெயரையும் எழுதியிருக்கவேண்டும். விமானம் வேறு திசையில் திரும்பிற்று. அதைக் கண்டு விமானிகள் திகைத்துச் சரிசெய்ய முயலுகையில் மலை குறுக்கிட்டது. விமானிகளின் தவறும் பெரிது. அதை நாம் மறைக்கவில்லை. 2000-ம் வருஷம் மயாமி நகரத்து ஜூரிகள் பொறுப்பைப் பங்கிட்டபோது விமானக் கம்பெனிக்கு நூற்றுக்கு 75 பங்கும், ஜெப்பெஸென் கம்பெனிக்கு 17 பங்கும், கம்ப்யூட்டர் செய்த ஹனிவெல் கம்பெனிக்கு 8 பங்கும் விதித்தார்கள். காகிதமும் கம்ப்யூட்டரும் ஓரிடத்துக்கு ஒரே பெயர் வழங்காததன் விலை அது.

ஜெப்பெஸென் அத்தீர்ப்பைக் காணவில்லை. 1996-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி டென்வரில் தமது 89-வது வயதில் காலமானார். அவர் தொடங்கிய ஸ்தாபனத்தை 2000-ல் போயிங் கம்பெனி விலைக்கு வாங்கியது. 2025-ல் அதை ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு ஆயிரம் கோடி டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு விற்க ஒப்புக்கொண்டது. பத்து டாலர் புஸ்தகத்தின் பெறுமானம் அவ்வளவு. ராஜ்யங்கள் தங்கள் செலவில் அளந்து வெளியிடும் விவரங்களைத் திரட்டி, ஒரே மாதிரி வரைந்து, அவற்றை அந்த ராஜ்யங்களின் விமானக் கம்பெனிகளுக்கே விற்பது அதன் வியாபாரம். இதில் அநியாயமில்லை, உழைப்பு உண்டு. ஆனால் ராஜ்யங்கள் தாங்களே ஒரே மாதிரி வரைந்திருந்தால் இந்த வியாபாரத்தில் பெரும்பகுதிக்கு இடமிருந்திராது. 1948-ம் வருஷத்து விதிகளை ஒவ்வொரு ராஜ்யமும் ஒப்புக்கொண்டு, ஒவ்வொன்றும் சிறிது விலகிற்று. சீனா இன்றும் உயரத்தை மீட்டரில் கணக்கிடுகிறது; மற்றவர் பலர் அடியில் கணக்கிடுகிறார்கள்.

இப்போது விமானிகள் கனத்த தோல்பைகளைச் சுமப்பதில்லை; தாள்கள் கண்ணாடிப் பலகையில் தோன்றுகின்றன. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை பழைய தாளைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. ஆனால் அந்தக் கறுப்புப் புஸ்தகத்தின் சந்ததியான ஜெப்பெஸென் கைப்புஸ்தகத்தில் ஊர்களின் வழிப்படம் அல்லாத வேறொரு பகுதியும் உண்டு. எந்தெந்த தேசம் சர்வதேச விதியிலிருந்து எவ்வெவ்வாறு வேறுபடுகிறது என்பதைத் தேசந்தோறும் எடுத்துச் சொல்லுவதற்கென்றே அதில் பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.